புதிய மடிக்கணினியில் காணாமல் போன டிஸ்க் இடம்: கண்டுபிடித்து மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெட்டியின் மேல் 512 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறது. மடிக்கணினியைத் திறந்தால் சி டிரைவின் மொத்த அளவு 455 ஜிபி என்கிறது. அதிலும் 90 ஜிபி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. இத்தனைக்கும் நீங்கள் இன்னும் ஒரு புகைப்படம்கூட ஏற்றவில்லை.

இந்த வேலையைப் பலருக்கு அருகில் உட்கார்ந்து செய்து காட்டியிருக்கிறேன். தடுமாறியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். எது எங்கே போயிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் முன்பே அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். காணாமல் போனதாகத் தோன்றும் இடத்தில் ஒரு பகுதி உண்மையில் காணாமல் போகவே இல்லை. இன்னொரு பகுதி கணினிக்கு அவசியமானது. மீதியைத்தான் மீட்க முடியும். இந்த மூன்றையும் பிரித்தறிய வேண்டுமென்றால் கணக்கை முதலில் முடித்துவிட்டு அழிப்பைக் கடைசியில் வைக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே சொல்வது விண்டோஸ் 11-க்கு. விண்டோஸ் 10-இலும் பெரும்பாலான பெயர்களும் இடங்களும் இவைதான்.

1. தொடங்கும் முன் தயாராக வைத்திருக்க வேண்டியவை

நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் உள்நுழையுங்கள். சார்ஜரை இணைத்துவிடுங்கள். பார்ட்டிஷனின் (வட்டைப் பிரித்து வைத்த ஒரு பகுதியின்) அளவு மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அதிலுள்ள தரவு சிதையக்கூடும்.

விண்டோஸ் அப்டேட்டை முழுவதுமாக முடியவிட்டு, ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். புதிய மடிக்கணினி முதல் ஓரிரு நாள் பின்னணியில் எதையாவது பதிவிறக்கிக்கொண்டே இருக்கும். அப்போது எடுக்கும் அளவு அரை மணி நேரத்தில் மாறிவிடும், கணக்குப் போட்டும் பயனில்லாமல் போகும்.

அடுத்து, மீட்பு எண். இதை யாரும் தேடி வைப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு அமைத்த புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டின் குறியாக்கம், அதாவது தரவைப் பூட்டி வைக்கும் வசதி, தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பூட்டைத் திறப்பதுதான் மீட்பு எண். 'செட்டிங்ஸ்' திறந்து, 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையதளத்தில் 48 இலக்க மீட்பு எண் சேமிக்கப்பட்டிருக்கும். அதை வேறொரு கருவியில் திறந்து காகிதத்தில் எழுதி வையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பார்ட்டிஷன்களை மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தார். நீலத் திரை வந்து அந்த 48 இலக்கங்களைக் கேட்டது. அப்படி ஓர் எண் இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. எந்த மின்னஞ்சல் முகவரியில் கணக்கைத் தொடங்கினோம் என்று நினைவுக்குக் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது முழுவதும் போனது. எண்ணை முன்பே எழுதி வைக்க ஐந்து நிமிடம் போதும்.

முக்கியமான கோப்புகளை வெளி வட்டிலோ பென் டிரைவிலோ நகலெடுங்கள். புதிய கணினியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். பழைய கணினியிலிருந்து புகைப்படங்களைக் கொண்டுவந்த கையோடு பலர் பழைய கணினியை அழித்துவிடுகிறார்கள். அந்த நிலையில் இருக்கும் ஒரே பிரதி இந்த மடிக்கணினியில்தான் இருக்கும்.

கடைசியாக, ஒரு தாளும் பேனாவும். அடுத்த மூன்று படிகளில் பார்க்கும் எண்கள் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும்.

2. பெட்டியில் உள்ள எண்ணை விண்டோஸின் எண்ணாக மாற்றுங்கள்

முதல் 'இழப்பு' வெறும் அளவுகோல் வித்தியாசம். வட்டு தயாரிப்பவர்கள் 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. மரக்காலை மாற்றினால் அளந்து வரும் எண்ணிக்கை மாறும், நெல் குறையாது. இங்கும் அதுதான் நடக்கிறது.

512 ஜிபி என்பது 51,200 கோடி பைட். அதை 107.37 கோடியால் வகுத்தால் 476.8 வரும். பல 512 ஜிபி வட்டுகளில் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 51,211 கோடி பைட் இருக்கும். அதனால் விண்டோஸில் 476.94 என்று தெரியும். 256 ஜிபி வட்டு 238 ஜிபியாகவும், 1 டிபி வட்டு 931 ஜிபியாகவும் தெரியும். அச்சிட்ட எண்ணை 0.931-ஆல் பெருக்கினால் உங்கள் வட்டுக்கான எண் கிடைக்கும்.

அந்த எண்ணைத் தாளின் முதல் வரியில் எழுதுங்கள். இனி உங்கள் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது, 512-லிருந்து அல்ல. 512-லிருந்து தொடங்குகிறவர், இல்லாத 35 ஜிபியை மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார். எந்த மென்பொருளாலும் அந்த 35-ஐ மீட்க முடியாது. மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருளை நிறுவாதீர்கள்.

3. முழு வட்டையும் ஒரே பார்வையில் பாருங்கள்

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பார்ப்பது போதாது. எழுத்து ஒதுக்கப்பட்ட டிரைவுகள் மட்டுமே அங்கே தெரியும், எழுத்து இல்லாத பார்ட்டிஷன்கள் தெரியாது. இடம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அவற்றில்தான்.

கீழ்ப்பாதியில் 'டிஸ்க் 0' என்ற பெயருடன் ஒரு நீளமான பட்டை இருக்கும். இடது ஓரத்துப் பெட்டியில் வட்டின் மொத்த அளவு தெரியும். அது நீங்கள் தாளில் எழுதிய எண்ணோடு பொருந்த வேண்டும். 476-ஐ எதிர்பார்த்த இடத்தில் 238 என்று இருந்தால், வேறு அளவுள்ள வட்டு பொருத்தப்பட்டிருக்கிறது. அப்படியானால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு விலைச்சீட்டை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போங்கள்.

அதற்கும் முன் 'டிஸ்க் 1' என்று இரண்டாவது பட்டை இருக்கிறதா என்று கீழே நகர்த்திப் பாருங்கள். இரண்டு வட்டுகள் உள்ள மாதிரிகளில் இரண்டாவது வட்டு தயார்படுத்தப்படாமலே வருவதுண்டு. அது எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லும் சிறு சன்னலை டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால், ஜிபிடி வகையைத் தேர்ந்தெடுத்துப் புதிய பார்ட்டிஷன் உருவாக்குங்கள். ஆனால் ஏற்கெனவே தரவு உள்ள வட்டுக்கு அந்தச் சன்னல் வந்தால் 'கேன்சல்' அழுத்தி நிறுத்திவிடுங்கள். அதன் பொருள், வட்டில் உள்ளதை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பது.

இப்போது பட்டையை இடமிருந்து வலமாகப் படித்து ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஒரு 512 ஜிபி மடிக்கணினியில் நான் குறித்த தாள் இது.

இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (விண்டோஸ் தொடங்கத் தேவையானது): 260 எம்பி. சி டிரைவ்: 455.67 ஜிபி. ரெகவரி பார்ட்டிஷன் (தொடங்காத விண்டோஸைச் சரிசெய்ய): 1 ஜிபி. தயாரிப்பாளரின் மீட்புப் பார்ட்டிஷன் (தொழிற்சாலை நிலைக்குத் திரும்ப): 20 ஜிபி.

கூட்டினால் 476.92. மொத்தம் 476.94. எஞ்சிய 0.02 எங்கே? விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் 16 எம்பி பார்ட்டிஷன் ஒன்று டிஸ்க் மேனேஜ்மென்டில் காட்டப்படுவதில்லை. அதைச் சேர்த்ததும் கணக்கு நேராகிவிடுகிறது. உங்கள் தாளிலும் இதுபோல இரண்டாம் தசம இடம் வரை பொருந்தும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

பட்டையில் கறுப்புத் தலைப்புடன் 'அன்அலொகேட்டட்' என்று ஏதாவது பகுதி இருந்தால் அதைச் சுற்றி வட்டமிட்டு வையுங்கள். அது யாருக்கும் ஒதுக்கப்படாத இடம், உண்மையிலேயே உங்களுக்குக் கிடைக்கப்போகும் இடம். சி டிரைவ் 150 ஜிபி, டி டிரைவ் 300 ஜிபி என்று பிரித்து அனுப்பிய கணினிகளும் உண்டு. அங்கே எதுவும் தொலையவில்லை, இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் எட்டாம் படியில் பார்க்கலாம்.

4. சி டிரைவுக்குள் மறைந்திருப்பதை எண்ணுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கே. சி டிரைவைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்ப்பார்கள். 62 ஜிபி என்று வரும். டிரைவின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் 91 ஜிபி நிரம்பியிருப்பதாகச் சொல்லும். இடையில் உள்ள 29 ஜிபியை வைரஸ் தின்றுவிட்டது என்று முடிவு கட்டி, உடனே வட்டை ஃபார்மட் செய்யத் துணிந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

மறைக்கப்பட்ட கோப்புகளை நீங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை, அதுதான் முதல் காரணம். உங்கள் கணக்குக்குத் திறக்க அனுமதி இல்லாத கோப்புறைகளை எக்ஸ்ப்ளோரர் எண்ணாமல் விட்டுவிடுகிறது, அது இரண்டாவது. அந்த இடைவெளியில் பெரும்பாலும் இவைதான் இருக்கும்:

ஹைபர்ஃபில்.சிஸ்: கணினி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது நினைவகத்தில் (ரேம்) உள்ளதை எழுதி வைக்கும் கோப்பு. வழக்கமாக நினைவகத்தின் அளவில் 40 விழுக்காடு. 16 ஜிபி நினைவகம் இருந்தால் 6.4 ஜிபி, 32 இருந்தால் ஏறத்தாழ 13.

பேஜ்ஃபைல்.சிஸ்: நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு. அதன் அளவைத் தேவைக்கேற்ப விண்டோஸே கூட்டிக் குறைக்கும்.

ஒதுக்கப்பட்ட இடம்: அப்டேட்டுகள் தடையில்லாமல் நடக்க ஏறத்தாழ 7 ஜிபியை விண்டோஸ் முன்கூட்டியே பிடித்து வைக்கிறது. 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், புதிதாக வரும் கணினிகளில் இது உண்டு.

மீட்புப் புள்ளிகள்: கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் பதிவுகள். 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற பூட்டிய கோப்புறைக்குள் இருக்கும்.

ப்ரோகிராம்டேட்டா: எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான மென்பொருள் தரவு. மறைக்கப்பட்ட கோப்புறை.

கண்ணால் பார்த்து உறுதிசெய்ய, விஸ்ட்ரீ அல்லது ட்ரீசைஸ் போன்ற இலவசக் கருவி ஒன்றை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி, வலது கிளிக் செய்து நிர்வாகியாக இயக்குங்கள். சாதாரணமாக இயக்கினால் இதுவும் பூட்டிய கோப்புறைகளைத் தவறவிடும், குழப்பம் இரட்டிப்பாகும். நிர்வாகியாக இயக்கினால் பெரிய கோப்புகள் மேலிருந்து கீழாக வரிசையில் நிற்கும். முதல் பத்தைத் தாளில் எழுதுங்கள். எதையும் அந்தக் கருவிக்குள்ளிருந்தே அழிக்காதீர்கள். இப்போது அது உங்களுக்குத் தராசு மட்டுமே.

பட்டியலில் விண்டோஸ் கோப்புறைக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற பெயர் பெரிதாக நிற்கும். உள்ளே உள்ள பல கோப்புகள் வேறு இடங்களிலும் பெயர் பெற்றிருப்பதால் ஒரே கோப்பு இருமுறை எண்ணப்படுகிறது. உண்மையில் அது பிடிக்கும் இடம், காட்டும் அளவைவிடக் குறைவு. கையால் அதிலிருந்து ஒரு கோப்பை நீக்கினாலும் விண்டோஸ் பழுதாகலாம், அடுத்த அப்டேட் தோற்கலாம். இந்த இரட்டை எண்ணிக்கையால் நீங்கள் கூட்டும் தொகை டிரைவ் காட்டும் தொகையோடு அப்படியே பொருந்தாது. சில ஜிபி வித்தியாசத்தை விட்டுவிடலாம்.

5. தற்காலிகக் கோப்புகளும் பழைய விண்டோஸும்

இப்போதுதான் அழிக்கத் தொடங்குகிறோம். திரும்பப் பெற முடியாத இழப்பு நேர வாய்ப்பு மிகக் குறைவாக உள்ள இடத்திலிருந்து தொடங்குவோம்.

'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று உள்ளே செல்லுங்கள். விண்டோஸ் எண்ணி முடிக்கும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டு நடுவில் அழுத்தினால் பாதிப் பட்டியல்தான் வரும்.

'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய அப்டேட்டுகள் வந்தபின் தேவையற்றுப்போன பழைய பாகங்களை இது பாதுகாப்பாக நீக்குகிறது. வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையைக் குறைக்க இதுதான் முறையான வழி. 'டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ்', தற்காலிகக் கோப்புகள் ஆகியவற்றையும் தேர்ந்தெடுக்கலாம்.

'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற வரி இருக்கிறதா என்று கவனியுங்கள். தொழிற்சாலையில் நிறுவிய பதிப்புக்குப் பின் புதிய பதிப்பு வந்திருந்தால், முதல் நாட்களிலேயே கணினி அதற்கு மாறக்கூடும். அப்போது பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையில் ஒதுங்கி நிற்கும். புதிய மடிக்கணினியில் ஒரே சொடுக்கில் கிடைக்கும் மிகப் பெரிய இடம் பெரும்பாலும் இதுதான். 20 ஜிபிக்கு மேலும் கிடைக்கலாம்.

ஆனால் அவசரப்படாதீர்கள். புதிய பதிப்பில் ஒலி, வைஃபை, கேமரா, பிரிண்டர் எல்லாம் சரியாக இயங்குகின்றனவா என்று நான்கைந்து நாள் பயன்படுத்திப் பாருங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வாய்ப்பு 10 நாள் வரை இருக்கும், கோப்புறையை நீக்கினால் அது போய்விடும். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்தக் கெடு முடிந்தபின் விண்டோஸே அதை நீக்கிவிடும். இடம் இன்றே தேவையில்லை என்றால் காத்திருப்பதே நல்லது.

அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி உண்டு. அது தற்காலிகக் கோப்பு அல்ல, உங்கள் பதிவிறக்கக் கோப்புறை. மற்றவற்றோடு சேர்த்து அதையும் தேர்ந்தெடுத்து, சான்றிதழ் நகல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். 'ரிமூவ் ஃபைல்ஸ்' அழுத்தும் முன் அந்த வரியில் டிக் இல்லை என்பதைப் பாருங்கள்.

தேவையற்ற கோப்புகளைத் தானாக அழிக்கும் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' வசதியை இயக்கினாலும் அதே எச்சரிக்கை. அதன் உள்ளே டவுன்லோட்ஸ் கோப்புறைக்கான தேர்வை 'நெவர்' என்று வையுங்கள்.

6. தேவையற்ற மென்பொருள்

'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' சென்று அளவின்படி வரிசைப்படுத்துங்கள். சோதனைக் காலத்துக்கான பாதுகாப்பு மென்பொருள், விளையாட்டுகள் போன்றவற்றை நீக்குங்கள். இயக்கிகளோடு (டிரைவர் மென்பொருளோடு) தொடர்புடைய பெயர்களை விட்டுவிடுங்கள். விசைப்பலகையின் ஒளி, மின்கலத்தின் சார்ஜ் வரம்பு போன்றவற்றைத் தயாரிப்பாளரின் சிறு மென்பொருள்தான் கட்டுப்படுத்தும்.

எப்போதும் இந்தப் பட்டியல் வழியாகவே நீக்குங்கள். 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் நேரடியாக அழித்தால் மென்பொருளின் பதிவுகள் அநாதையாகக் கிடக்கும், பிறகு முறையாக நீக்கவும் முடியாது.

7. ஒன்டிரைவும் மறைந்த பெரிய கோப்புகளும்

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த கணினியில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்றும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருக்கக்கூடும். ஒவ்வொரு கோப்பின் அருகிலும் உள்ள சிறு குறியைப் பாருங்கள். நீல மேகம் என்றால் கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கிறது, வட்டில் இடம் பிடிக்கவில்லை. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் ஒருமுறை திறந்ததால் வட்டிலும் இறங்கியிருக்கிறது. முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் எப்போதும் வட்டில் வைத்திருக்கும்படி கட்டளை இடப்பட்டிருக்கிறது.

இடம் வேண்டுமென்றால் கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பச்சை டிக் மேகமாக மாறும், கோப்பு இணையத்தில் பத்திரமாக இருக்கும். 'டிலீட்' அழுத்தக் கூடாது. ஒன்டிரைவ் கோப்புறையில் அழிப்பது இணையத்திலும் உங்கள் மற்றக் கணினிகளிலும் அழிப்பதற்குச் சமம். ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் மீட்கலாம்தான், ஆனால் அழிந்ததையே கவனிக்காதவர் அதற்குள் எப்படி மீட்பார்?

அடுத்து, ஹைபர்ஃபில். இதைக் கோப்பாக அழிக்க முடியாது. வசதியையே நிறுத்த வேண்டும். டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் சன்னல்) நிர்வாகியாகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு சாய்கோடும் ஹெச் எழுத்தும், மீண்டும் ஓர் இடைவெளி விட்டு ஆஃப் என்ற ஆங்கிலச் சொல்லும் தட்டி என்டர் அழுத்தினால் கோப்பு உடனே மறைந்துவிடும். ஆஃப் இருந்த இடத்தில் ஆன் என்று தட்டினால் திரும்ப வரும்.

512 ஜிபியோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இதை நிறுத்தினால் வேகமாகத் தொடங்கும் வசதியும் போய்விடும். அதைவிட முக்கியம், உறக்க நிலையில் மின்கலம் தீர்ந்தால் சேமிக்காத வேலை போய்விடும். மடிக்கணினிக்கு அந்தக் காப்பு 6 ஜிபியைவிடப் பெரியது. 128 ஜிபி வட்டில் திணறுகிறவர் மட்டும் யோசிக்கலாம்.

பேஜ்ஃபைலைத் தொடாதீர்கள். நினைவகம் நிறைய இருக்கிறதே என்று அதை நிறுத்தியவர்களுக்குப் பெரிய மென்பொருள்கள் முன்னறிவிப்பின்றி மூடிக்கொள்ளக்கூடும்.

மீட்புப் புள்ளிகளுக்கு வரம்பு வைக்கலாம். தேடலில் 'கிரியேட் எ ரிஸ்டோர் பாயின்ட்' என்று தட்டி, சி டிரைவைத் தேர்ந்து, 'கான்ஃபிகர்' அழுத்துங்கள். அளவுக்கோட்டை 2 அல்லது 3 விழுக்காட்டுக்கு இழுத்து வையுங்கள். 455 ஜிபியில் 2 விழுக்காடு 9 ஜிபி, அதில் சில புள்ளிகள் தாராளமாக அடங்கும். அருகில் உள்ள 'டிலீட்' பொத்தான் இருக்கும் எல்லாப் புள்ளிகளையும் துடைத்துவிடும். எட்டாம் படி இன்னும் பாக்கி இருக்கிறது, இப்போது அதை அழுத்த வேண்டாம்.

8. ஒதுக்கப்படாத இடமும் டி டிரைவும்

மூன்றாம் படியில் வட்டமிட்ட கறுப்புப் பகுதிக்கு வருவோம். பட்டையில் அது சி டிரைவுக்கு உடனடியாக வலப்பக்கம் இருந்தால் வேலை எளிது. சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' தேர்ந்து, வரும் சன்னல்களில் 'நெக்ஸ்ட்' அழுத்திச் செல்லுங்கள். தரவு அழியாது.

அந்தத் தேர்வு மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் கணினியில் கோளாறு இல்லை. சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் வேறொரு பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் ரெகவரி பார்ட்டிஷன். விண்டோஸின் கருவி அடுத்து ஒட்டியிருக்கும் இடத்தை மட்டுமே சேர்க்கும், தாண்டிப் போய் எடுக்காது. இங்கேதான் பலர் நடுவில் உள்ளதை அழித்துவிடுகிறார்கள். அதற்குப் பதில், காலி இடத்தில் வலது கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' மூலம் தனி டிரைவ் ஒன்றை உருவாக்குங்கள். இடம் உங்கள் கைக்கு வந்துவிடும், மீட்பு வசதியும் அப்படியே இருக்கும்.

டி டிரைவைச் சி-யோடு இணைக்க விரும்புகிறவர்கள், டி அதே வட்டில் சி-க்கு உடனடியாக வலப்பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், டி-யில் உள்ளதை வெளி வட்டுக்கு நகலெடுங்கள். நகலெடுத்த கோப்புகளில் நான்கைந்தைத் திறந்து பாருங்கள். பிறகு டி-யின் மேல் வலது கிளிக் செய்து 'டிலீட் வால்யூம்', அடுத்து சி-யின் மேல் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்'. வரிசை இதுதான். டி-யை அழித்த கணமே அதில் இருந்தவை போய்விடும், எனவே நகலைச் சரிபார்ப்பதற்கு முன் கை அங்கே போகக் கூடாது.

இணைத்தே ஆக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதே என் கருத்து. 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஸ்டோரேஜ்' பகுதியின் மேம்பட்ட அமைப்புகளில், புதிய கோப்புகளும் செயலிகளும் எந்த டிரைவில் சேமிக்கப்பட வேண்டும் என்று மாற்றலாம். புகைப்படங்களையும் காணொளிகளையும் டி-க்கு நகர்த்தினால் சி-யில் இடம் தானாகக் கிடைக்கும். விண்டோஸை மறுபடி நிறுவ நேர்ந்தால் டி-யைத் தொடாமலே நிறுவவும் முடியும்.

9. தயாரிப்பாளரின் 20 ஜிபி

அந்தப் பெரிய மீட்புப் பார்ட்டிஷனை அழிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு அழிக்கும் தேர்வே வராது. வேறு கருவியால் வலுக்கட்டாயமாக அழிக்க முடியும், ஆனால் கிடைக்கும் இடம் வட்டின் கடைசியில் இருக்கும். நடுவில் 1 ஜிபி ரெகவரி பார்ட்டிஷன் இருப்பதால் அதைச் சி-யோடு சேர்க்க முடியாது. ஆக, தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் வழியை இழந்து, தனியே ஒரு 20 ஜிபி டிரைவைப் பெறுகிறீர்கள். நான் அதை விட்டுவைக்கிறேன்.

எந்த முடிவை எடுத்தாலும் மீட்பு பென் டிரைவ் ஒன்றை உருவாக்கி வையுங்கள். தேடலில் 'ரெகவரி டிரைவ்' என்று தட்டினால் கருவி வரும். கணினிக் கோப்புகளையும் நகலெடுக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். 32 ஜிபி பென் டிரைவ் வைத்துக்கொள்வது நல்லது, அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். உருவாக்கிய பின் அதிலிருந்து கணினியை ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். முதல் திரை வந்தால் போதும், எதையும் தேர்ந்தெடுக்காமல் அணைத்துவிடலாம். இஎஃப்ஐ பார்ட்டிஷனும் 1 ஜிபி ரெகவரி பார்ட்டிஷனும் எந்த நிலையிலும் தொடக் கூடாதவை. முதலாவது இல்லாமல் விண்டோஸ் தொடங்காது, இரண்டாவது இல்லாவிட்டால், தொடங்காத விண்டோஸை மீட்பு பென் டிரைவ் போன்ற வெளிக் கருவி இல்லாமல் சரிசெய்ய முடியாது.

10. மறுபடி எண்ணுங்கள்

கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அப்டேட் சுத்திகரிப்பின் ஒரு பகுதி மறுதொடக்கத்தின்போதுதான் முடிகிறது, அதற்கு முன் பார்த்தால் மீட்ட இடம் குறைவாகவே தெரியும். குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். நீங்கள் அழித்தவை அதுவரை அங்கேதான் இடம் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது மூன்றாம், நான்காம் படிகளில் எழுதிய வரிகளுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதுங்கள். நான் மேலே காட்டிய கணினியில் சி டிரைவில் நிரம்பிய இடம் 91-லிருந்து 63 ஜிபியாக இறங்கியது. அதில் 21 ஜிபி விண்டோஸ்.ஓல்ட், மீதி அப்டேட் சுத்திகரிப்பும் நீக்கிய மென்பொருள்களும். ஹைபர்ஃபிலும் 20 ஜிபி மீட்புப் பார்ட்டிஷனும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

மீட்ட இடம் முழுவதையும் நிரப்பிவிடாதீர்கள். எஸ்எஸ்டி வட்டில் 10 முதல் 15 விழுக்காடு காலியாக இருந்தால் எழுதும் வேகம் குறையாமல் இருக்கும், பெரிய அப்டேட்டுகளும் இடமின்றி நிற்காது. 455 ஜிபி டிரைவுக்கு அது 45 முதல் 68 ஜிபி வரை.

அந்தத் தாளையும் 48 இலக்க எண்ணையும் உத்தரவாதச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். எண்ணை மடிக்கணினியின் பைக்குள் வைக்க வேண்டாம்.